டோரீன் வீட்டு மீட்டர்

மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்காரும்போது டெஸ்மண்ட் ஆக்டனின் இடது கையில் நீல மையில் எண்கள் இருக்கும். விரல் முட்டியில் ஆரம்பித்து, மணிக்கட்டைத் தாண்டி, சட்டைக்கையை மடித்துவிட்ட இடம் வரைக்கும் ஏறியிருக்கும். அவர் மனைவி பெரில் உருளைக்கிழங்கைத் தட்டில் போடும்போது அந்தக் கையைப் பார்ப்பாள். சாப்பாட்டுக்கு முன்னால் கையைக் கழுவச் சொல்லி மற்ற நாளெல்லாம் விரட்டுகிறவள் அன்று மட்டும் வாயைத் திறக்கமாட்டாள். கழுவினால் தெருவே அழிந்து போகும்.

அவை அக்கம்பக்கத்து வீடுகளின் கேஸ் மீட்டர், கரண்ட் மீட்டர் எண்கள். அந்தக் குளிர் ஊரில் அடுப்புக்கு மட்டுமல்ல, வீட்டைச் சூடாக்கவும் குழாயில் வரும் கேஸ்தான். வட இங்கிலாந்தின் ஹாலிஃபாக்ஸில் அவர்கள் தெரு மலைச்சரிவில் செங்குத்தாக ஏறுகிறது. வீடுகள் ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்த மாதிரி ஒட்டி நிற்கும். மீட்டர்கள் மாடிப்படிக்குக் கீழே அலமாரியில், வாக்குவம் கிளீனருக்கும் கிறிஸ்துமஸ் மரம் வைத்த பெட்டிக்கும் பின்னால் இருக்கும். டெஸ் போய், மடித்த செய்தித்தாளைக் கீழே போட்டு, அதன்மேல் முழங்காலை ஊன்றி, டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு உள்ளே தலையை விடுவார். ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொள்ளக் கூடாதா என்று யாராவது கேட்டால், "காகிதம் எங்கயாவது தொலைஞ்சு போவும். கை எங்க போவும்?" என்பார்.

எண்ணை நாம் அனுப்பாவிட்டால் கம்பெனிக்காரன் தானாக ஒரு குத்துமதிப்புப் போட்டு பில் அனுப்புவான். அந்தக் குத்துமதிப்பு எந்தக் காலத்திலும் நமக்குச் சாதகமாக இருந்ததில்லை. அதனால் டெஸ் எண்களை அனுப்பினார். அதோடு, வருஷத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு வீட்டு ஒப்பந்தமும் முடிகிற சமயத்தில், கணினியின் முன்னால் உட்கார்ந்து எந்தக் கம்பெனி மலிவு என்று தேடி மாற்றியும் கொடுத்தார். பஸ் டிப்போவில் உதிரிபாக ஸ்டோரைப் பார்த்துக்கொண்டவர். பிரேக் கட்டைக்கும் பல்புக்கும் வியாபாரிகளோடு மல்லுக்கட்டியே வயதானவர். ஓய்வு பெற்ற பிறகு மல்லுக்கட்ட ஆள் இல்லாமல் வீட்டுக்குள் அலைந்துகொண்டிருந்தார். இந்த வேலை வந்ததும்தான் அவருக்கு முகம் தெளிந்தது.

"வருஷா வருஷம் கம்பெனி மாத்தாதவன் ஏமாளி" என்று தெருமுனையில் நின்று சொல்வார். "நாம விசுவாசமா இருந்தா அவன் நமக்கு என்ன குடுப்பான்? பெரிய பில்லுதான்."

யாரும் அவருக்குக் காசு கொடுத்ததில்லை. கொடுத்தால் கோபித்துக்கொண்டிருப்பார். ஒருவர் தோட்டத்து ருபார்ப் தண்டுகளைக் கட்டி வாசலில் வைத்துவிட்டுப் போவார். கீழ்வீட்டு நஸ்ரீன் சமோசா சுட்ட அன்று ஒரு தட்டு மூடி வரும். "டெஸ் அங்கிள், என் மாமியாரையும் வேற யார்கிட்டயாவது மாத்திவிட முடியுமா? மலிவாக்கூட வேணாம், சத்தம் இல்லாம இருந்தா போதும்" என்று வாசலில் நின்று கேட்பாள். டெஸ் விழுந்து விழுந்து சிரிப்பார்.

எதிர்வீடு டோரீனுடையது. பெரிலும் டோரீனும் பதினைந்து வயதில் பள்ளியை விட்டு ஒரே டாஃபி ஆலையில் பொட்டலம் மடிக்கப் போனவர்கள். டோரீனின் கணவர் வில்ஃப் கூரைக்குக் கல் ஓடு வேய்கிறவர். அந்தத் தெருவில் பாதி வீடுகளின் உச்சியில் அவர் நின்றிருக்கிறார். பிறகு பார்க்கின்சன் நோய் வந்தது. முதலில் கை நடுங்கியது, அப்புறம் நடை போயிற்று, கடைசியில் படுக்கையை மாடியிலிருந்து இறக்கி முன்னறையில் ஜன்னலோரம் போட்டார்கள். உடம்பு விறைத்துப் போகிற நோய் அது. குளிர் பட்டால் இன்னும் விறைக்கும். அறை எப்போதும் கதகதப்பாக இருக்க வேண்டும் என்று நர்ஸ் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்.

படுக்கை இறங்கிய அன்று வில்ஃப் டோரீனிடம் ஒன்றே ஒன்று கேட்டார். முதியோர் இல்லத்துக்கு மட்டும் அனுப்பிவிடாதே என்றார். அனுப்பமாட்டேன் என்று அவள் சொன்னாள். பெரில் அப்போது கட்டிலின் மறுபுறம் விரிப்பைச் செருகிக்கொண்டிருந்தாள்.

நாக்கு குழறினாலும் வில்ஃபின் வாய்க்கொழுப்புக் குறையவில்லை. டெஸ் டார்ச்சோடு உள்ளே நுழைந்தால், "டோரீன், வெள்ளி ஸ்பூனையெல்லாம் ஒளிச்சு வை, கேஸ்காரன் வந்துட்டான்" என்பார்.

"உன் வீட்ல வெள்ளி ஸ்பூன் இருந்தா நான் ஏண்டா அலமாரிக்குள்ள தலைய விடறேன்?" என்பார் டெஸ்.

டோரீன் வீட்டில் டெஸ் மீட்டரைப் பார்த்து எண்ணை அனுப்புவதோடு சரி. கம்பெனியை அவர் மாற்றியதில்லை. ஹல் என்ற துறைமுக நகரத்தில் இருக்கும் அவள் மகன் கிரஹாம் ஒரு பெரிய பழைய கம்பெனியில் நீண்ட நாள் ஒப்பந்தம் போட்டுவைத்திருந்தான். கொஞ்சம் அதிக விலைதான், ஆனால் இன்னும் இரண்டு குளிர்காலத்துக்கு அது ஏறாது. டெஸ்ஸுக்கு இது உறுத்திக்கொண்டே இருந்தது. மற்ற வீடுகளையெல்லாம் அந்தக் கோடையில் லார்க்மூர் என்ற புதுக் கம்பெனிக்கு மாற்றிவிட்டார். மஞ்சள் குருவி படம் போட்ட கம்பெனி. எந்த வீட்டுக் கதவைத் தட்டினாலும் மஞ்சள் குருவி, டோரீன் வீட்டில் மட்டும் இல்லை.

ஜூன் மாதக் கடைசி ஞாயிறு அவர் அவள் சமையலறையில் உட்கார்ந்து பேச்சை எடுத்தார். பெரிலும் உடன் இருந்தாள்.

"மாசம் பதினோரு பவுண்டு, டோரீன். சும்மா தூக்கிக் குடுக்குற. ஒப்பந்தத்த முறிக்க ஒரு தொகை கேப்பான். அத அஞ்சாறு மாசத்துல எடுத்துடலாம்."

"எனக்கு எவ்வளவு வரும்னு இப்ப தெரியும், டெஸ். அது போதும் எனக்கு."

"தெரிஞ்சே ஏமாறணுமா?"

"கிரஹாம் போட்டது..."

"கிரஹாமுக்கு ஹல்லுல மீன் விலை தெரியும். கேஸ் விலைய என்கிட்ட விடு, கண்ணு."

டோரீன் துணியை எடுத்து ஏற்கெனவே சுத்தமாக இருந்த மேசையைத் துடைத்தாள். அவள் பார்வை டெஸ்ஸின் கால்சட்டை முழங்காலுக்குப் போனதைப் பெரில் கவனித்தாள். அதில் அவள் வீட்டு அலமாரியின் தூசி ஒட்டியிருந்தது. பிறகு டோரீன் சிரித்தபடி, "சரி, உன் குருவியக் கொண்டா" என்றாள்.

டெஸ் தெருவைக் கடந்து வரும்போது சீட்டி அடித்துக்கொண்டு வந்தார்.

செப்டம்பரில் ஒரு நாள் காலையில் பெரில் முட்டை பொரித்துக்கொண்டிருந்தாள். ரேடியோவில் செய்தி ஓடியது. உலகச் சந்தையில் கேஸ் விலை தறிகெட்டு ஏறுகிறது, சின்னக் கம்பெனிகள் தாக்குப்பிடிக்க முடியாமல் மூடுகின்றன என்று சொல்லி, அன்று மூடியவற்றின் பெயர்களைப் படித்தார்கள். லார்க்மூர் இரண்டாவதாக வந்தது. டெஸ் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். தடவுவதை நிறுத்தவில்லை. தடவிய இடத்திலேயே திரும்பத் திரும்பத் தடவினார்.

கேஸ் நிற்காது, அரசாங்கம் எல்லோரையும் வேறொரு கம்பெனிக்கு மாற்றிவிடும் என்றார்கள். அப்படியே நடந்தது. ஆனால் பழைய விலை போய்விட்டது. இனி சந்தை விலைதான், அரசாங்கம் வைத்த உச்சவரம்பு வரைக்கும். அந்த வரம்பே அடுத்த வசந்தத்தில் ஏறும் என்று அப்போதே பேச்சு இருந்தது.

டெஸ் தன் வீட்டைப் பற்றியோ மற்ற வீடுகளைப் பற்றியோ முதலில் யோசிக்கவில்லை. அவர்கள் ஒப்பந்தமெல்லாம் எப்படியும் முடிந்துதான் இருந்தது. எங்கே போயிருந்தாலும் இந்த விலையில் வந்து மாட்டியிருப்பார்கள். டோரீன் அப்படியில்லை. அவள் நின்ற இடத்தில் நின்றிருந்தால் இந்தப் புயல் அவள் தலைக்கு மேலாகப் போயிருக்கும்.

அவர் அவளுடைய பழைய கம்பெனிக்குப் போன் போட்டார். காத்திருக்கச் சொல்லி அதே பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது. மத்தியானம் ஒரு பெண் எடுத்தாள்.

"ஜூன்லதான்மா விலகினாங்க. மூணு மாசம்கூட ஆகல. முறிக்கக் குடுத்த காசு உங்ககிட்டயே இருக்கட்டும். பழைய ஒப்பந்தத்துல திருப்பிச் சேத்துக்கங்க. அவ்வளவுதான் கேக்குறேன்."

"விலகினா விலகினதுதான் சார். புதுசா சேரணும்னா இன்னிக்கு விலை."

"வீட்ல நோயாளி இருக்கார்."

"அதுக்குத் தனிப் பட்டியல் இருக்கு சார், பேரைப் பதிஞ்சு வைக்கலாம். கரண்ட் போனா முதல்ல அவங்களுக்குத் தகவல் சொல்லுவோம்."

"விலைக்கு?"

"விலைக்கு எதுவும் இல்ல சார்." அந்தப் பெண்ணின் குரல் இறங்கியது. "காலையிலேர்ந்து எல்லாரும் இதையேதான் கேக்குறாங்க. எங்க அம்மாவும் குருவியிலதான் இருந்தாங்க."

டெஸ் அவளுக்கு நன்றி சொல்லிவிட்டு வைத்தார். கோட்டை மாட்டிக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனார். பெரில் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். கதவைத் திறந்த டோரீன் அவரை முழுசாகப் பேசவிடவில்லை.

"உள்ள வா, டீ போடறேன். இதுக்குப்போய் ஏன் மூஞ்சிய இப்படி வெச்சிருக்க? யாருக்குத் தெரியும் இப்படி ஆகும்னு?"

தெருவில் எல்லோரும் அதையேதான் சொன்னார்கள். யாருக்குத் தெரியும். அந்தப் பக்கத்து ஆட்கள் மழையைத் திட்டுவார்கள், பஸ்ஸைத் திட்டுவார்கள், மனிதனை முகத்துக்கு நேரே ஒரு வார்த்தை சொல்லமாட்டார்கள். டெஸ்ஸை யாரும் திட்டவில்லை. அந்த மாதக் கடைசி ஞாயிறு அவர் டார்ச்சோடு மேல்வீட்டுக்குப் போனபோது, "ஸ்மார்ட் மீட்டர் வைக்க வர்றாங்க டெஸ், அதுவே அனுப்பிக்குமாம், நீ எதுக்குக் கஷ்டப்படற" என்றார்கள். அடுத்த வீட்டிலும் ஸ்மார்ட் மீட்டர். அதற்கடுத்த வீட்டுக்காரர் தானே பார்த்து அனுப்பிவிட்டாராம். ருபார்ப் கட்டு வரவில்லை. நஸ்ரீன் ஒருத்திதான் வாசலில் நின்று, "என்ன அங்கிள், உங்க குருவி பறந்து போச்சாமே, எனக்கு ஒரு இறகாவது மிச்சம் வெச்சுதா?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு அலமாரியைத் திறந்துவிட்டாள். டெஸ் சிரிக்க முயன்றார். டார்ச் வாயில் இருந்ததால் சிரிக்காததும் தெரியவில்லை.

அந்தக் குளிர்காலத்தை டோரீன் எப்படியோ ஓட்டினாள். வசந்தத்தில் விலை ஒரு தாவு தாவியது. இலையுதிர் காலத்தில் இன்னொன்று. அரசாங்கம் கொடுத்த உதவித்தொகை வந்த வேகத்தில் போயிற்று. இரண்டாவது குளிர்காலத்தில் அவள் மாடியை மொத்தமாகப் பூட்டிவிட்டு, முன்னறையிலேயே நாற்காலியில் தூங்கினாள். அந்த அறைச் சுவரில் அனல் தரும் ரேடியேட்டர் ஒன்று மட்டும் ஓடியது, அதுவும் நர்ஸ் வருகிற நேரமும் வில்ஃபைக் குளிப்பாட்டுகிற நேரமும்.

டெஸ் தன் வீட்டு ஹீட்டிங்கைப் போடவே விடவில்லை. பெரில் இரண்டு ஸ்வெட்டருக்கு மேல் அவருடைய பழைய டிப்போ கோட்டைப் போட்டுக்கொண்டு சமைத்தாள். எதற்கு இந்தத் தண்டனை, இதனால் யாருக்கு என்ன லாபம் என்று கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. மிச்சமானதை ஒரு உறையில் போட்டு அவர் டோரீனிடம் கொண்டுபோனார். அவள் உறையைத் தொடவில்லை.

"டெஸ், இத நீ மேசைல வெச்சா நாளையிலேர்ந்து நான் உனக்குக் கதவு திறக்கமாட்டேன்" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள்.

அதற்குப் பிறகு அவர் வெந்நீர்ப் பை எடுத்துப்போக ஆரம்பித்தார். சாயங்காலம் இரண்டு ரப்பர்ப் பைகளில் கொதிக்கக் கொதிக்க நிரப்பி, கோட்டுக்குள் இரண்டு கக்கத்திலும் இடுக்கிக்கொண்டு, பனி உறைந்த கற்களின் மேல் அடிமேல் அடி வைத்துத் தெருவைக் கடப்பார். அதை மட்டும் டோரீன் வாங்கிக்கொண்டாள். ஒன்று வில்ஃபின் காலடியில், ஒன்று முதுகுக்குப் பின்னால். வில்ஃப் தலையில் கம்பளித் தொப்பியோடு படுத்திருப்பார்.

"டோரீன்," என்பார், ஒவ்வொரு வார்த்தையையும் இழுத்துப் பிடித்து, "அந்த ஃபிரிட்ஜ அணைச்சிடு. பால இங்க வெச்சா போதும்."

டெஸ் தலையைக் குனிந்துகொண்டு பையின் மூடியைத் திருகி இறுக்குவார்.

பிப்ரவரியில் வில்ஃபுக்கு நெஞ்சில் சளி கட்டியது. ஆம்புலன்ஸ் அந்தச் சரிவில் ஏற முடியாமல் தெருமுனையில் நின்றது. நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஆஸ்பத்திரியில் பிழைத்துக்கொண்டார். திருப்பி அனுப்புவதற்கு முன்னால் ஒரு பெண் அதிகாரி வந்து டோரீனிடம் கேள்விகள் கேட்டாள். பெரில் பக்கத்து நாற்காலியில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அவர் படுக்குற அறை எவ்வளவு சூடா இருக்கும்?"

டோரீனுக்குப் பொய் வராது. டாஃபி ஆலையில் பொட்டலம் கிழிந்தால்கூட மேற்பார்வையாளரிடம் தானே போய்ச் சொல்கிறவள். "மூச்சு விட்டா புகையா என் கண்ணுக்கே தெரியும்" என்றாள்.

அந்தப் பெண் எழுதுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தாள். பிறகு, வில்ஃபை வீட்டுக்கு அனுப்ப முடியாது என்று தன்மையாகத்தான் சொன்னாள்.

பக்கத்து ஊரான பிரிக்ஹவுஸில் ஒரு முதியோர் இல்லத்தில் இடம் கிடைத்தது. அங்கே ரேடியேட்டர்கள் இரவும் பகலும் சுட்டன. ஜன்னலைத் திறந்து வைக்கிற அளவுக்கு வெப்பம். வில்ஃப் யாரையும் குறை சொல்லவில்லை. கேலி பேசுவதை நிறுத்திவிட்டார், அவ்வளவுதான். டோரீன் தினமும் பஸ்ஸில் போய் வந்தாள், சில நாள் பெரிலும் கூடப் போனாள். ஒரு நாள் திரும்பும்போது பஸ் நிறுத்தத்தில் காற்று முகத்தில் அடித்தது. டோரீன் கைக்குட்டையை முடிச்சுப் போட்டு அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்கு நான் ஏன் சரின்னேன்னு தெரியுமா, பெரில்?"

"சொல்லு."

"பதினோரு பவுண்டுக்காக இல்ல. எத்தனை வருஷமா நம்ம வீட்டு அலமாரிக்குள்ள மண்டி போட்டிருக்கான். ஒரு தடவை ஒண்ணு கேக்குறான். வேணாம்னு சொல்லி அவன் மூஞ்சி வாடறதப் பாக்க எனக்கு மனசு வரல." கைக்குட்டையைக் கோட்டுப் பையில் திணித்தாள். "அவன்கிட்ட சொல்லிடாத."

பஸ் வந்தது. பெரில் சொல்லவில்லை.

மே மாதத்தில் வில்ஃப் இறந்தார். நெஞ்சில் அதே சளிதான். வீட்டிலேயே இருந்திருந்தாலும் அந்த வருஷம் போயிருப்பார் என்று டாக்டர் சொன்னதாகக் கிரஹாம் சொன்னான். இருக்கலாம். சாவுச் சாப்பாட்டில் எல்லோரும் பன்றித்தொடை சாண்ட்விச்சைத் தட்டில் வைத்துக்கொண்டு வில்ஃப் வேய்ந்த கூரைகளைப் பற்றிப் பேசினார்கள். டெஸ் கோட்டைக் கழற்றாமல் சுவரோரம் நின்றார். கோட்டு கக்கத்தில் இரண்டு பக்கமும் வெந்நீர்ப் பை பட்டு வெளுத்திருந்தது. அவரிடம் எல்லோரும் நன்றாகத்தான் பேசினார்கள். பேசிவிட்டு நகர்ந்தார்கள்.

கோடையில் டோரீன் வீட்டை விற்றாள். மகனோடு ஹல்லுக்குப் போக முடிவாயிற்று. போகிற அன்று காலையில், கிரஹாம் காரில் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருக்கும்போது, அவள் தெருவைக் கடந்து வந்து கதவைத் தட்டினாள். பெரில் திறந்தாள்.

"டெஸ் இருக்கானா? கடைசி ரீடிங் எடுக்கணும்ல. கிரஹாம் போன்ல படம் எடுத்தா போதும்ங்கறான். எனக்கு அதெல்லாம் சரிவராது."

டெஸ் டார்ச்சைத் தேடி எடுக்கவே நேரமாயிற்று. காலி வீட்டில் காலடிச் சத்தம் பெரிதாகக் கேட்டது. முன்னறைத் தரையில் கட்டில் கால்கள் பதிந்த நாலு பள்ளம் மட்டும் இருந்தது. வாக்குவம் கிளீனரும் கிறிஸ்துமஸ் மரம் வைத்த பெட்டியும் போய்விட்டதால் அலமாரியில் மீட்டர் நேரே தெரிந்தது, மண்டி போட வேண்டிய அவசியமே இல்லை. அவர் செய்தித்தாளை மடித்துப் போட்டு மண்டி போட்டார். எழுந்திருக்க வெகுநேரம் ஆயிற்று. பெரில் உதவப் போகவில்லை. டோரீன்தான் குனிந்து அவர் முழங்கைக்குக் கீழே கையைக் கொடுத்தாள்.

"எழுதிட்டியா?"

அவர் கையைக் காட்டினார்.

"வில்ஃப் இருந்தா ஸ்பூன எண்ணிப் பாருன்னு சொல்லுவாரு" என்றாள் டோரீன். அவர் கன்னத்தில் ஒரு முத்தம் கொடுத்துவிட்டு, சாவியைக் கிரஹாமிடம் தரப் போனாள்.

அன்று மத்தியானம் டெஸ் அந்த எண்களைக் கம்பெனிக்கு அனுப்பினார். அனுப்பின பிறகும் கையைக் கழுவவில்லை. படுக்கும்போதும் கழுவவில்லை. மறுநாள் அவை தானாகவே மங்கிப் போயின.

இப்போது டோரீன் வீட்டில் ஒரு இளம் தம்பதி இருக்கிறார்கள். கைக்குழந்தை உண்டு. அவர்கள் எந்தக் கம்பெனி என்று டெஸ் கேட்டதில்லை. மலிவான ஒப்பந்தங்கள் திரும்ப வந்துவிட்டன. நஸ்ரீன் தானே போனில் பார்த்து மாறிக்கொண்டாள். இவரையும் மாறச் சொல்லிப் பார்த்துவிட்டாள். டெஸ் மாறவில்லை. குருவி செத்தபோது அரசாங்கம் தூக்கிப் போட்ட கம்பெனியிலேயே, அவன் கேட்கிற விலையைக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். கிறிஸ்துமஸுக்கு ஹல்லிலிருந்து வாழ்த்து அட்டை வருகிறது, டெஸ், பெரில் என்று இரண்டு பேர் பெயரும் போட்டு. மாதக் கடைசி ஞாயிறுகளில் அவர் சாப்பாட்டுக்கு முன்னால் போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்காருகிறார். பெரில் உருளைக்கிழங்கைப் போடுகிறாள்.